கணினியில் செய்த படைப்பை நுண்கலைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது எப்படி

கணினியில் செய்தது நுண்கலையா என்ற கேள்வி, விவாத மேடையைவிட விண்ணப்பப் படிவத்தின் முன்னால்தான் அதிகம் உறுத்துகிறது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, புகைப்படம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். உங்கள் படைப்பு எதில் அடங்கும் என்று யோசித்துக்கொண்டே பேனாவை மூடி வைத்துவிடுவீர்கள்.

எங்கள் நிலை இது: கணினியில் செய்தது என்பதற்காகவே ஒரு படைப்பை ஒதுக்குவதும் தவறு, கணினியில் செய்தது என்பதற்காகவே வியப்பதும் தவறு. முடிவுகளை எடுத்தது யார் என்பதற்குத் தடயம் இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் பொருள் பத்து மழைக்காலத்தைத் தாங்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நடுவர் படைப்பைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். இல்லாவிட்டால் கணினியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். கீழே உள்ளதெல்லாம் அந்த இரண்டையும் உண்டாக்கும் வழிதான்.

"இதெல்லாம் நேற்று வந்தது" என்று சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. கணினி உருவாக்கிய படங்களை 1965-லேயே ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கியோர்க் நேஸும், நியூயார்க்கின் ஹோவர்ட் வைஸ் கேலரியில் மைக்கேல் நோலும் பெலா யூலேஸும் காட்சிக்கு வைத்தார்கள். 1968-ல் கணினியைத் தொட்ட ஓவியர் வேரா மோல்னாரின் படைப்புகள் 2022-ல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்றன. நம் ஊரும் பின்தங்கி இருக்கவில்லை. தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை இலக்கண விதிகளால் உருவாக்கும் முறை பற்றி 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விண்ணப்பத்தோடு இணைக்கும் படைப்புக் குறிப்பில் சென்னைக்காரர் ஒருவர் தாராளமாக எடுத்துக்காட்டக்கூடிய முன்னோடிப் பணி இது.

முதலில், உங்களுடையது எந்த வகை?

ஸ்டைலஸ் பிடித்துத் திரையில் கையால் வரைவது ஒரு வகை. நிரல் எழுதி அதை வரையவிடுவது இன்னொன்று. பிராம்ப்ட் (சொற்களில் கட்டளை) கொடுத்து ஏஐ மாடலிடம் படம் வாங்குவது மூன்றாவது. இவற்றைக் கலந்து செய்பவர்கள்தான் அதிகம், ஆனாலும் எடை எங்கே விழுகிறது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். காட்ட வேண்டிய தடயம் வகைக்கு வகை மாறும். ஸ்டைலஸ் ஓவியத்துக்கு லேயர்கள் கலையாத மூல ஃபைலும், வரையும்போது பதிவான டைம்லாப்ஸும் போதும். நிரலுக்கு அதன் பழைய பதிப்புகள், ஒதுக்கிய வெளியீடுகள், இறுதியானதன் சீட் எண் (அதே வெளியீட்டை நிரலிலிருந்து மறுபடி வரவழைக்கும் எண்) வேண்டும். ஏஐ படத்துக்கு நிறைய வேண்டும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

அனுப்பும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் நிரலோ மாடலோ தந்த வெளியீடுகளில் ஒன்பதை ஏ5 அளவில் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம், "இதில் எதை அனுப்பலாம்?" என்று கேளுங்கள். ஒன்பதும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன என்று சொன்னால், வேலை இன்னும் முடியவில்லை. எதை எடுக்கலாம், எதைத் தள்ளலாம் என்று சண்டை போட இடமே இல்லாத விதியிலிருந்து பெரும்பாலும் வால்பேப்பர்தான் வரும்.

நிரலிலிருந்து தாளுக்கு: சிக்குக் கோலத்தை வைத்து

நிரல் ஓவியத்தில் கலைஞரின் முடிவு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டச் சிக்குக் கோலத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. படம் வரையும் நிரல் எழுத உதவும் பிராசஸிங் அல்லது பி5 ஜேஎஸ்ஸில் சில நாள் பழகியவர் இதை எழுதிவிடலாம்.

புள்ளிகளைச் சதுரக் கட்டமாக வையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரு சந்திப்பு. அந்தச் சந்திப்பில் மூன்றில் ஒன்று நடக்கலாம்: இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகலாம், இரண்டு புள்ளிகளையும் பிரித்துத் திரும்பலாம், இரண்டையும் ஒரே வளைவுக்குள் சேர்த்துக்கொண்டு போகலாம். 5×5 புள்ளிக் கட்டத்தில் இப்படி 40 சந்திப்புகள் இருக்கின்றன.

எல்லாச் சந்திப்பிலும் வெட்டவிட்டால் எத்தனை தனி இழைகள் வரும் என்பதற்குத் திட்டவட்டமான விதி உண்டு. இரண்டு பக்கப் புள்ளி எண்ணிக்கையின் மீப்பெரு பொது வகுத்திதான் விடை. 5×4 என்றால் ஒரே இழை. 5×5 என்றால் ஐந்து தனித்தனி இழைகள். ஒரே இழையாக முடியும் கோலம் வேண்டுமென்றால், இரண்டு வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பைத் தேடி, அங்கே வெட்டை எடுத்துவிட்டுப் பிரிப்போ சேர்ப்போ வையுங்கள். அந்த இரண்டு இழைகளும் ஒன்றாகிவிடும். 5×5-ல் இதை நான்கு முறை செய்தால் போதும். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் எது எந்த இழை என்று நிரல் மறுபடி எண்ண வேண்டும். எண்ணாமல் பழைய கணக்கை வைத்தே அடுத்ததை மாற்றினால், ஒரே இழை தன்னைத்தானே வெட்டும் இடத்தைத் தொட்டுவிடுவீர்கள். அங்கே இழை இரண்டாகப் பிரிந்துபோக வாய்ப்புண்டு. "எவ்வளவு மாற்றினாலும் இழை குறையவே இல்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

இனி ரசனை. சந்திப்புகளைக் கண்டபடி குலுக்கிப் போட்டால் வருவது கோலமாக இருக்காது, கசகசவென்று இருக்கும். கால் சுற்றுத் திருப்பினாலும் மாறாத சமச்சீரை விதியாக வைத்தால், 5×5-ன் 40 சந்திப்புகள் பத்துத் தீர்மானங்களாகச் சுருங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி. ஆக மொத்தம் 59,049 கோலங்கள், கண்ணாடிப் பிரதிகளையும் சேர்த்து. சாதாரண மடிக்கணினியே அத்தனையையும் போட்டுப் பார்த்து, ஒரே இழையாக முடிபவற்றைப் பொறுக்கித் தந்துவிடும். அதற்குப் பிறகு எதை எடுப்பது, எந்த விதியை உடைப்பது, சமச்சீரை ஒரே ஒரு மூலையில் கெடுத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் உங்கள் வேலை. நடுவரிடம் காட்ட வேண்டியதும் இந்தப் பகுதியைத்தான்.

பிளாட்டரில் (பேனா பிடித்து வரையும் இயந்திரம்) வரையும்போது கவனிக்க வேண்டியவை. ஏ3 தாளில் 9×14 புள்ளிகளை 25 மி.மீ. இடைவெளியில் வைத்தால், கோலம் 225×350 மி.மீ. ஆகி, நான்கு பக்கமும் ஏறக்குறைய 35 மி.மீ. ஓரம் கிடைக்கும். ஓரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபிரேம் போடுபவர், படத்தைச் சுற்றி வைக்கும் மௌன்ட் போர்டு அட்டைக்கு அதில்தான் இடம் எடுப்பார். வளைவு ஒவ்வொன்றையும் எட்டுத் துண்டாக நறுக்கினால் தாளில் மூலைகள் தெரியும். நாற்பது துண்டுக்கு மேல் வைத்தால் கண்ணுக்குப் பிடிபடாது. கோடுகளைச் சேமித்த எஸ்விஜி ஃபைலை அப்படியே பிளாட்டருக்கு அனுப்பாமல், விபைப் (vpype) போன்ற இலவசக் கருவியில் கோடுகளை இணைத்து வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பேனா நூறு தடவை தேவையில்லாமல் எழுந்து உட்காரும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஒரு மைப் பொட்டு விழும்.

இழை தொடங்கி முடியும் இடத்திலும் பொட்டு விழும். ஆகவே தொடக்கத்தை ஒரு வெட்டுச் சந்திப்பின் மேல் வையுங்கள், முடிவைத் தொடக்கத்தைத் தாண்டி ஒரு மி.மீ. ஓட்டுங்கள். இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் அந்தப் பொட்டு மறைந்துவிடும்.

பேனா நிறமி (பிக்மென்ட்) மை உள்ளதாக இருக்கட்டும். பிக்மா மைக்ரான் 05 போட்டால் 0.45 மி.மீ. கோடு வரும். ஜெல் பேனா வேகமாக ஓட்டினால் நடுவில் மை அறுந்துபோகும். பால்பாயின்ட் மை பல வகைகளில் வெளிச்சத்தில் வெளுக்கும். தாள் 200 முதல் 300 ஜிஎஸ்எம், மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும் ஹாட் பிரஸ் வகை. சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளில் பேனா முனை நார் பிடித்து, கோடு பாதியில் தடிக்கும்.

இரண்டு நிறம் போடுபவர்களுக்குச் சென்னையில் ஒரு தனிச் சிக்கல். பருத்தித் தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். காலையில் ஏசி அறையில் சிவப்பை ஓட்டி, மாலையில் ஏசியை அணைத்துவிட்டுக் கறுப்பை ஓட்டினால் இரண்டும் பொருந்தாது. ஏ3 அளவில் இந்தப் பிசகு கண்ணுக்கே தெரியும். தாளை முந்தின நாளே அந்த அறையில் பிரித்து வையுங்கள். நான்கு மூலையையும் டேப் போட்டு ஒட்டி, தாளை எடுக்காமலே இரண்டு நிறத்தையும் ஒரே அமர்வில் முடியுங்கள்.

பிரிண்ட் போடுபவர்களுக்கு

பிளாட்டர் இல்லையென்றால் நிறமி மை இங்க்ஜெட் பிரிண்ட். ஃபைலின் பிக்சல் கணக்கை முதலில் பாருங்கள். 300 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏ3-க்கு 3508×4961, ஏ2-க்கு 4961×7016. தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு 240 பிபிஐ தாங்கும். அதற்குக் கீழே போனால் பக்கத்தில் வந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கண்காட்சியில் எல்லோரும் பக்கத்தில்தான் வருவார்கள்.

ஃபைலை நான்கு மை நிறமுறையான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். ஆஃப்செட் அச்சகத்தின் பழக்கம் அது. ஃபைன் ஆர்ட் இங்க்ஜெட்டில் பத்து, பன்னிரண்டு மைகள்வரை இருக்கும். அது திரையின் நிறமுறையான ஆர்ஜிபி ஃபைலை வாங்கிக்கொண்டு தானே பிரித்துக்கொள்ளும். நீங்கள் முன்கூட்டியே மாற்றினால் நிறங்களை வீணாக நசுக்கிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 16 பிட், அடோபி ஆர்ஜிபி, புரொஃபைல் உள்ளேயே பதித்த டிஃப் ஃபைல் என்று கொண்டுபோங்கள். பிரிண்ட் போடும் இடத்தில் அவர்களுடைய தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்ற விவர ஃபைல்) கேட்டு வாங்கி, வீட்டிலேயே சாஃப்ட் புரூஃப், அதாவது திரையில் முன்னோட்டம், போட்டுப் பாருங்கள். திரையில் மின்னும் நியான் பச்சையும் மின்சார நீலமும் அங்கேயே மங்கிவிடும். மங்கியதைப் பார்த்து நிறத்தை நீங்களே மாற்றியமைப்பது நல்லது. பிரிண்டரிடம் விட்டால் அது தன் போக்கில் மாற்றும்.

"பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது" என்ற புகாரில் பெரும்பாலும் பிரிண்டர் குற்றவாளி அல்ல, உங்கள் திரைதான். கடையிலிருந்து வந்த பிரகாசத்திலேயே மானிட்டரை வைத்திருப்பீர்கள். அதை ஒரு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா அளவுக்குக் குறைத்து, வெள்ளை நிறத்தை 6500 கெல்வினில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வானம் போல மெதுவாக நிறம் மாறும் இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், அது 8 பிட் ஃபைலின் குணம். 16 பிட்டில் மறுபடி ரெண்டர் செய்யுங்கள். முடியாவிட்டால் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் பட்டை உடைந்துவிடும்.

தாள் விஷயத்தில் தெளிவாக இருங்கள். ஆண்டர்சன் தெருவில் ஆர்ட் பேப்பர் என்று கேட்டால் காலண்டர் அடிக்கும் பூச்சுத் தாளைத்தான் தருவார்கள். அது அழைப்பிதழுக்கு அருமை, இதற்கு உதவாது. வேண்டியது நூறு சதவீதப் பருத்தி, அமிலமற்றது, 300 ஜிஎஸ்எம் அளவில். ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 இந்த வகையில் பெயர் பெற்றது. வெளுப்பூட்டி கலந்த தாளா என்று தெரிந்துகொள்ள, ரூபாய் நோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை அடியுங்கள். நீலமாகப் பளிச்சிட்டால் வெளுப்பூட்டி இருக்கிறது. சில ஆண்டுகளில் அந்த வெண்மை போய்ப் பழுப்பேறும். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் சால்வென்ட் மெஷினில் "கேன்வாஸ் பிரிண்ட்" போட்டுத் தருகிறோம் என்பார்கள். விலை குறைவுதான். ஹோட்டல் லாபிக்குப் போதும்.

முழு அளவில் போடுவதற்கு முன் ஒரு ஏ4 துண்டில் சோதனை போடுங்கள். படத்தின் மிக இருண்ட பகுதி, நடுத்தரத் தொனி, மிக வெளிச்சமான பகுதி மூன்றையும் வெட்டி ஒட்டிய துண்டு. கறுப்பு சாம்பலாக வெளிறி வந்தால், மேட் தாளுக்குப் பளபளப்புத் தாளின் செட்டிங்கைப் போட்டிருக்கிறார்கள். கறுப்பு மையே அதனால் மாறிப்போகும். பருத்தித் தாளில் நுண்ணிய பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். மென்தூரிகையால் துடைக்காமல் ஏற்றினால், பிரிண்ட் ஆன பிறகு பஞ்சு உதிர்ந்து அடர் நிறங்களில் வெள்ளைப் புள்ளிகள் விடும். பிரிண்டைக் குறைந்தது 24 மணி நேரம் காயவிட்ட பிறகே கண்ணாடிக்குள் போடுங்கள். அவசரப்பட்டால் மையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படிந்து புகை மாதிரி நிற்கும்.

ஏஐ படம் என்றால்

சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். 2018-ல் ஏஐ உருவாக்கிய ஓர் உருவப்படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போனது. 2022-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் செய்த படம் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. அடுத்த ஆண்டே அந்தப் படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு தர அந்நாட்டு அலுவலகம் மறுத்தது. விலையும் பரிசும் உரிமையும் ஒன்றோடொன்று சேர்ந்து போவதில்லை என்பதை இந்த இரண்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுச் சட்டத்தின் வாசகம் வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2(டி)(6) பிரிவு, கணினியால் உருவாக்கப்பட்ட படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபரே ஆசிரியர் என்கிறது. 1994 திருத்தத்தில் வந்தது இது. இன்றைய ஏஐ அப்போது இல்லை. 2020-ல் ஏஐ கருவியையும் இணை ஆசிரியராகக் காட்டிய ஒரு படைப்புக்கு இங்கே பதிவு கிடைத்தது, 2021-ல் அதைத் திரும்பப் பெறும் நோட்டீஸ் போனது. ஆகவே படிவத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் மனிதர் பெயரை மட்டும் எழுதுங்கள். அதே சட்டம், கலைப்படைப்பு என்பதற்குக் கலைத்தரம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் சொல்கிறது. எனவே பதிவுச் சான்றிதழை நீட்டி "பாருங்கள், அரசே கலை என்று ஒப்புக்கொண்டது" என்று நடுவரிடம் வாதாடாதீர்கள்.

ஒரே பிராம்ப்ட், முதலில் வந்த படம், அப்படியே பிரிண்ட்: இதை நுண்கலை என்று அனுப்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெஷின் செய்தது என்பதால் அல்ல. அதில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எதை மறுத்தீர்கள் என்று பார்க்க நடுவருக்கு ஒன்றுமே இல்லை.

ஆரம்பத்திலிருந்தே பதிவேடு வையுங்கள். மாடலின் பெயர், பதிப்பு எண், பிராம்ப்ட், சீட் எண், ஸ்டெப் எண்ணிக்கை, தேதி, எந்த வெளியீட்டை எதற்காகத் தள்ளினீர்கள் என்று ஒரு வரி. இணையச் சேவைகள் மாடலைச் சொல்லாமல் மாற்றிவிடும், ஆறு மாதம் கழித்து அதே சொற்களைக் கொடுத்தால் வேறு படம் வரும். அதனால் வெளியீட்டு ஃபைல் எல்லாவற்றையும் இறக்கி வைப்பது கட்டாயம். உயிரோடிருக்கும் ஓவியர் பெயரை பிராம்ப்டில் போடாதீர்கள். சென்னைக் கலை உலகம் சிறியது. பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் நடுவர் அவருடைய நண்பராக இருப்பார்.

பிரிண்டில் இந்தப் படங்கள் தடுமாறும் இடம் அளவு. பல மாடல்கள் தருவது 1024 பிக்சல் அகலம்; 300 பிபிஐ-யில் அது 8.7 செ.மீ.தான். ஏ2-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஐந்து மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தைத் தானே கற்பித்துப் போடும். கோபுரம் இருக்கும் படமானால் சுதைச் சிற்பங்களைக் கிட்டத்தில் பாருங்கள்: கைகள் உடம்போடு உருகி ஒட்டியிருக்கும், ஒரே முகம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். கடைப் பலகையில் தமிழ் எழுத்து போன்ற ஏதோ ஒன்று இருக்கும், படிக்க முடியாது. இவற்றை ஒவ்வொரு சதுர அங்குலமாக 100 சதவீத ஜூமில் நகர்த்திப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். அல்லது அந்தப் பிசகையே படைப்பின் பொருளாக ஆக்கிவிடுங்கள். இரண்டும் இல்லாமல் விட்டால் அது கவனக்குறைவு.

பிரதி எண்ணிக்கை

"எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாமே, இதில் மூலப்படைப்பு எது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மர அச்சும் எட்சிங்கும் இதே கேள்வியைச் சந்தித்துத் தீர்த்துவைத்த வழியையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். பிரதி எண்ணிக்கையை முதல் பிரதி விற்கும் முன்பே அறிவியுங்கள். பத்துப் பிரதி, கலைஞருக்கான பிரதி இரண்டு என்பது புதியவருக்குப் பொருத்தமான அளவு. படத்தின் கீழ் ஓரத்தில் பென்சிலால் இடப்பக்கம் 3/10, நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். பென்சில் எதற்கென்றால், பேனா மை பருத்தியில் பரவும். வேறு அளவில் பிறகு போடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பத்தும் விற்ற பிறகு "பெரிய அளவில் புதிய பதிப்பு" என்று கிளம்பினால் முதலில் வாங்கியவர் உங்களை மறக்கமாட்டார். நிரல் ஓவியமானால் ஒவ்வொரு சீட் எண்ணுக்கும் ஒரே பிரதி என்று வைப்பது இன்னும் சுத்தம்.

சான்றிதழில் தலைப்பு, ஆண்டு, படத்தின் அளவு, தாளின் அளவு, தாள், மை, பிரதி எண், பயன்படுத்திய மென்பொருளும் மாடலும் இருக்கட்டும். ஊடகம் என்ற இடத்தில் "கலப்பு ஊடகம்" என்று பூசி மெழுகாதீர்கள். "நிரல் வழி வரைவு, பருத்தித் தாளில் நிறமி மை" என்று எழுதினால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க இடமிருக்காது.

சென்னைக்கு ஏற்ற ஃபிரேம்

வடகிழக்குப் பருவமழையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். தாள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியோடு வரும். அமிலமற்ற மௌன்ட் போர்டை இடையில் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். அருங்காட்சியகங்கள் மாவுப் பசையும் ஜப்பானியத் தாளும் வைத்து ஒட்டும். நம் வீடுகளில் அந்தப் பசை வெள்ளிப்பூச்சிக்குச் சாப்பாடு. மூலைகளைச் செருகி நிறுத்தும் ஒளிபுகும் பாலியெஸ்டர் கார்னர் போதும். பின்பக்கத்துக்குச் சாதாரண பிளைவுட் வேண்டாம்: அமிலமும் கசியும், கரையானும் வரும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். கடலோர ஈசிஆர் சாலைப் பக்கம் மாட்டுவதென்றால் கொக்கியும் கம்பியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் துருவேறி விட்டுப்போகும்.

திரையில் ஓடும் படைப்பு

சுருக்கமாகச் சொன்னால், கேலரியின் வைஃபையை நம்பாதீர்கள். பி5 லைப்ரரி ஃபைலை இணையத்திலிருந்து இழுக்காமல் சிறு கணினியிலேயே வைத்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமல் தானாகவே படைப்பு ஓடத் தொடங்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். ஸ்லீப், அப்டேட், நோட்டிஃபிகேஷன் மூன்றையும் அணையுங்கள். நிரல் மணிக்கணக்கில் ஓடினால் நினைவகம் நிரம்பி உறையக்கூடும். தினமும் கேலரி திறப்பதற்கு அரை மணி முன் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வையுங்கள். எதற்கும் ஒரு பத்து நிமிட வீடியோ பதிவு பென்டிரைவில் இருக்கட்டும்.

எங்கே, எப்படி அனுப்புவது

கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா ஆகிய மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சுவரின் அளவு, விளக்கின் நிறம், பிளக் பாயின்ட் இருக்கும் இடம் இவையெல்லாம் படைப்பின் அளவையே மாற்றும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் 1966-ல் தொடங்கிய சோழமண்டலத்தில் எழுத்தையும் குறியீட்டையும் ஓவியமாக்கிய மரபு உண்டு. நிரலும் குறியீடும் வைத்து வேலை செய்பவர் அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதினால் எழுத்தே வேறாக வரும்.

படிவத்தில் டிஜிட்டல் பிரிவு இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் பிளாட்டர் படைப்பை வரைவு அல்லது கிராஃபிக் (அச்சுக்கலை) பிரிவிலும், பிரிண்டை கிராஃபிக் பிரிவிலும் போடலாமா என்று அலுவலகத்தில் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். விதிமுறையில் "கையால் செய்த அச்சு மட்டும்" என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மறைத்து அனுப்பித் தேர்வாகி, பிறகு நீக்கப்பட்டால் அந்தப் பெயர் நீண்ட நாள் கூடவே வரும்.

படைப்புக் குறிப்பு 150 சொற்களுக்குள் முடியட்டும். கணினியின் சக்தியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். விதி என்ன, அதில் நீங்கள் எதை மாற்றினீர்கள், ஏன் இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். "கை எங்கே இருக்கிறது?" என்று நேர்காணலில் கேட்டால், அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட், 1968-ல் தொடங்கிய தன் சுவர் ஓவியங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்து மற்றவர்களை வரையவைத்ததையும், அவை இன்று அருங்காட்சியகங்களில் இருப்பதையும் சொல்லலாம். அதைவிட ஒதுக்கிய இருபது வெளியீடுகளை மேஜைமேல் பரப்பிக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

விற்கும்போது

சுங்கக் கட்டணப் பட்டியலின் 97-வது அத்தியாயம் கலைப்பொருள்களுக்கு உரியது. அதில் மூல அச்சு என்பது கலைஞர் முழுக்கக் கையால் உருவாக்கிய தகட்டிலிருந்து நேரடியாக எடுத்ததுதான். இயந்திர முறையில் எடுத்தது சேராது என்று குறிப்பே இருக்கிறது. கேலரி ஒப்புக்கொண்டாலும் சுங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிண்டின் பில்லில் "மூல அச்சு" என்று நீங்களாக எழுதாமல், எந்தத் தலைப்பு, எவ்வளவு வரி என்று ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

வாங்குபவருக்குப் போவது தாள் மட்டுமே, பதிப்புரிமை அல்ல என்பதை ரசீதிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். நிறுவனம் ஒன்று உரிமையையும் கேட்டால் எழுத்தில்தான் கொடுக்க முடியும். அதில் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, இந்தியாவுக்குள் என்றே கொள்ளப்படும். மூல நிரலும் சீட் எண்ணும் அந்த ஒப்பந்தத்தில் சேருமா, சேராதா என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நிரலும் சீட் எண்ணும் கையில் இருந்தால் அதே கோலத்தை யார் வேண்டுமானாலும் மறுபடி வரைய முடியும்.